மணக்காத நாள்

"அப்ப மணக்காத நாளிலதான் நாங்க பயப்படோணும், என்ன தம்பி?"

அந்த அம்மா இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏளனம் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற கோயில் நிர்வாகத்தார் இருவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள், அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். ஒரு வருடம் ஆகிறது, அந்த நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

அம்மன் கோயில் சடங்குக்கு ஒரு கிழமை இருக்கும்போது வந்திருந்தார்கள். வைகாசியில் கச்சான் காற்று எழும்பினால், குப்பையில் இருந்து பசளை செய்கிற எங்கள் சபை வளவின் மணம் நேரே கோயிலடிக்குத்தான் போகும், அதை நானும் மறுக்கவில்லை. நிர்வாகத்தாருக்குச் சனம் முகம் சுளிக்கக் கூடாது என்ற கவலை. அம்மாவின் கவலை வேறு. இரவில் பேரப்பிள்ளைக்குத் தலையிடிக்கிறதாம், இது நஞ்சு வாயுவா என்று கேட்டார். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லயில் குப்பைமேடு சரிந்து 32 பேர் செத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நாங்கள் எல்லோரும். குப்பை என்றாலே சனம் பயப்படுவதில் என்ன பிழை?

நான் பயிற்சி வகுப்பில் படித்ததை எடுத்துவிட்டேன். குப்பை காற்றில்லாமல் அழுகினால் வருகிற மெதேன் வாயுவுக்கு மணமே கிடையாது, காற்றோடு 5 முதல் 15 வீதம் வரை கலந்தால் தீப்பிடிக்கிறது அதுதான், உங்களுக்கு மணக்கிறது அமோனியாவும் வேறு சிலதும், மணந்தால் பயமில்லை அம்மா, மணக்காததுதான் ஆபத்து என்றேன். அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

நான் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நானே மறந்திருந்தேன். முட்டை அழுகின மாதிரி மணக்கும் ஐதரசன் சல்பைட்டு, காற்றில் பத்து இலட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துவிடும். மணம் நின்றுவிட்டது என்று ஆள் நினைப்பான், வாயு அங்கேயேதான் இருக்கும். திறந்த வெளியில் அந்த அளவுக்கு ஏறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சரி. ஆனால் குவியலில் இருந்து கசிகிற ஊத்தைத் தண்ணீர் சேரும் தொட்டிக்குள்? எங்களிடம் அளந்து பார்க்க ஒரு கருவியும் இல்லை. தலையிடித்த பிள்ளையின் வீட்டுப் பக்கம் போய் நின்று பார்க்கவாவது செய்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

நிர்வாகத்தார் கேட்டது சின்ன விசயம்: சடங்கு முடியும்வரை குவியலைப் புரட்ட வேண்டாம். புரட்டும்போதுதான் மணம் கிளம்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் ஓம் என்றேன்.

அவர்கள் போன பிறகு, எங்களிடம் வேலை செய்கிற அக்கா ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "சேர், புரட்டாம விட்டா உள்ளுக்கு அழுகிரும். மீன் கழிவு கிடக்கு." எனக்குத் தெரியாததா! சமையல் கழிவுக்கும் மீன் கழிவுக்கும் மரத்தூளோ வைக்கோலோ கலக்க வேண்டும், நைதரசன் ஒரு பங்கு என்றால் காபன் 25, 30 பங்காவது இருக்க வேண்டும். எங்களிடம் மரத்தூள் முடிந்து இரண்டு மாதம். மரத்தூள் இல்லாத குவியலுக்குப் புரட்டிக் காற்றுக் கொடுப்பது ஒன்றுதான் மருந்து. காற்று இருந்தால் ஒரு வகைக் கிருமி வேலை செய்யும், உள்ளே 55 பாகை தாண்டிக் கொதிக்கும், மண் மணம் வரும். காற்று இல்லாவிட்டால் வேறொரு கூட்டம் உள்ளே வந்துவிடும், அப்புறம் புளிப்பும் அழுகலும் மெதேனும்தான்.

"சாமி காரியம் அக்கா," என்றேன்.

முதல் நாலைந்து நாள் நல்ல பேர். மேலே காய்ந்து பொருக்குப் பிடித்ததில் மணம் அடங்கிவிட்டது. "தம்பி சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார்" என்று கோயிலில் இருந்து பொங்கல் வந்தது. பொங்கலோடு வாழையிலையும் பூவும் தேங்காய் மட்டையும் மிச்சச் சோறும் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கின. அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. கையில் பொங்கலை வைத்துக்கொண்டு நானும் பேசவில்லை.

அந்த மணக்காத நாட்களில்தான் உள்ளே கெட்டுக்கொண்டிருந்தது. அம்மா விளங்காமல் கேட்டாரா, விளங்கித்தான் கேட்டாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மனைக் குளிர்விக்கிற கடைசிச் சடங்கான குளிர்த்தி முடிந்த மறுநாள் காலை புரட்டினோம். உள்ளே கறுப்பு. ஆவியோடு கிளம்பியதை எழுத வராது. கண் எரிந்தது. முகத்துக்குக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு அக்கா வேலியோரம் குந்தி வாந்தி எடுத்தார். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, "அம்மாளுக்குக் குளுந்திட்டு, எங்கட கண்தான் எரியுது" என்று சொல்லித் திரும்பவும் மண்வெட்டியை எடுத்தார். அன்றைக்குக் கச்சானும் நல்ல வேகம். ஒழுங்கை முழுக்கக் கதவைச் சாத்தினார்கள். பின்னேரம் முறைப்பாடு வந்தது, கையெழுத்து வைத்தவர்களில் நிர்வாகத்தார் இருவரும் இருந்தார்கள். அம்மாவின் பெயர் இல்லை. அது எனக்கு ஆறுதலா, இன்னும் மோசமா தெரியவில்லை.

மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் யோசிப்பேன். வாசலில் வண்டியை மறித்திருப்பார்கள், வளவைப் பூட்டியிருப்பார்கள், குப்பை வாவியோரம் போயிருக்கும். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனோடு குப்பை தின்கிற படங்களைப் பார்த்தவன் நான். பிரிக்காமல் கொட்டுகிற மேட்டைவிட எங்கள் குவியல் ஆயிரம் மடங்கு மேல். இப்படிச் சொல்லும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தவர்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. மரத்தூள் இல்லை என்பதையும் சொல்லவில்லை, சொன்னால் சபைக்குக் குறை. அக்காவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம், அது எனக்குக் குறை. மெதேனைப் பற்றித்தான் சொன்னேன். அதில் யாருக்கும் குறையில்லை.

அன்றிலிருந்து தொட்டி மூடியைத் திறந்தால் ஒருவரையும் குனிய விடுவதில்லை. மணமில்லை சேர் என்று யாராவது சொன்னால் இன்னும் தள்ளி நிற்கச் சொல்கிறேன். அக்கா இதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இந்த வருடமும் சடங்குக்கு நாள் வைத்தாயிற்று. ஆட்கள் வர முன்னமே நான் போய், இரண்டு தரம் முன்கூட்டிப் புரட்டி மேலே மரத்தூள் மூடலாம், நடுவில் ஒரு நாள் அதிகாலை காற்று விழுந்த நேரம் புரட்ட விடுங்கள் என்று கேட்க நினைத்திருக்கிறேன். போகிற வழியில்தான் அந்த அம்மாவின் வீடு. மரத்தூளுக்குக் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.