பரண்ல ஏறினேன்

மஞ்சக்குப்பத்துல ஒத்தை பெட்ரூம் வீடு. பரண்ல பாப்பாவோட பழைய துணி 3 மூட்டை. பிரிச்சா ஒரே பூஞ்சை வாடை! கடற்காத்து அடிக்குற ஊருல பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டினா வேறென்ன ஆகும்? கஞ்சி போட்ட பாவாடையைப் பூச்சி அரிச்சிருக்கு. கஞ்சியை அலசிட்டு எடுத்து வைன்னு அத்தை அப்பவே சொன்னாங்க, நான்தான் கேட்கல.

தேறின 11 சட்டையை அலசி, மொட்டை மாடி வெயில்ல 2 நாள் காயப்போட்டு, நாத்தனார் குழந்தைக்குக் கட்டியாச்சு. நாப்தலீன் அந்துருண்டை மட்டும் போடல. ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுவைக் காக்குற ஒரு என்சைம் பிறவியிலேயே கம்மியா இருக்குற பச்சைக்குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுவை உடைச்சு மஞ்சள்காமாலை வரவைக்கலாம்.

முதல் ஜப்லா மூட்டையில போகல. பீரோவுல, என் புடவைக்கு நடுவுல ஒளிச்சு வெச்சிருக்கேன். பாப்பா கண்டுபிடிச்சு, "இது பொம்மைக்காம்மா?"ங்குறா.