ஒரு கவளம் உணவும் மானிடப் பிறவியும்

மருத்துவமனை வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு மனித உயிரின் அருமை தானாகவே புரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, மருந்து கொடுத்து ஓடும் ஓட்டத்தில் நோயாளியின் பெயர் மறந்து படுக்கை எண்தான் வாயில் வரும். பௌத்தப் பயிற்சி கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

புத்தரின் போதனைத் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் வரும் குருட்டு ஆமை 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை கடல்மேல் தலை தூக்குகிறது. அலையும் நுகத்தடியின் ஒற்றைத் துளைக்குள் அதன் கழுத்து நுழைவது எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது மானிடப் பிறவி. திபெத்திய மரபு இதையே 8 ஓய்வுகள் (அறவழியில் பயிலத் தடையாகும் நிலைகளில் பிறக்காமை), 10 பேறுகள் (பயிலத் துணையாகும் வாய்ப்புகள்) என்று விரித்து எண்ணச் சொல்கிறது. புலன்கள் குறையின்றி இருப்பதும் அதில் ஒன்று. இந்தக் கணக்கைத் தன் வாழ்வுக்கு மட்டுமே போட வேண்டும். படுத்திருப்பவரை வைத்து எண்ணத் தொடங்கினால் அவர் குறைந்தவராகத் தெரிவார், பயிற்சியே கெட்டுவிடும்.

வேலை நடுவே இதற்குத் தனி நேரம் தேட வேண்டாம். ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் சானிடைசரால் கையைத் தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். ஒரு மூச்சில் ‘இந்தப் பிறவி அரிது’, அடுத்ததில் ‘முடியும் நேரம் தெரியாது’, மூன்றாவதில் ‘இப்போது இவருக்கு என்ன தேவை’. சில வாரங்களில் இது வெறும் முணுமுணுப்பாகிவிடும். அப்போது மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். மருந்தின் அளவு கணக்கிடும்போது இதுவும் கூடாது. கவனம் முழுவதும் மருந்துச் சீட்டில் இருக்கட்டும்.

மரண நினைவை எப்படிப் பயில்கிறீர்கள் என்று, இன்னொரு போதனைத் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் புத்தர் பிக்குகளிடம் (துறவிகளிடம்) கேட்கிறார். ‘இன்னும் ஒரு பகல் வாழ்வேன்’, ‘நாலைந்து கவளம் உண்ணும் வரை வாழ்வேன்’ என்று நினைப்பவர்களை அவர் அசட்டையானவர்கள் என்கிறார். ஒரு கவளம், ஒரு மூச்சு என்று நினைப்பவரே விழிப்புள்ளவர். விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஊட்டும்போது இந்தப் போதனை அப்படியே வேலைமுறையாகிறது. முதலில் அவர் முழு விழிப்பில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, கண்ணுக்கு நேராக நாமும் உட்கார்ந்து, அரை டீஸ்பூன் மட்டும் கொடுக்க வேண்டும். தொண்டைக்குமிழ் மேலே ஏறி இறங்கும் வரை காத்திருந்து, வாய் காலியானதும்தான் அடுத்தது. இருமலோ, குரலில் ஈரமான கரகரப்போ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். உண்டபின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரலாம். இருமலே இல்லாமலும் உணவு அப்படி உள்ளே போகும் என்பதுதான் பயம். அந்த அரை டீஸ்பூனைத் தவிர வேறு எதிலும் மனம் இல்லாத ஊட்டலை நான் முழுத் தியானமாகவே மதிக்கிறேன்.

வழுக்கும் இடங்களை விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்தத் தியான நூல் சொல்கிறது: கருணைக்கு அருகிலிருக்கும் பகை (அதைப் போலவே தோன்றி ஏமாற்றுவது) துயரம், சமநிலைக்கு அருகிலிருக்கும் பகை அறியாமையால் வரும் அலட்சியம். துயரம் கண்ணில் தெரிந்துவிடும். விடுப்பு கொடுத்தோ வேறு பகுதிக்கு மாற்றியோ அந்த ஊழியரைக் காப்பாற்றலாம். அலட்சியம் அமைதியின் முகத்தோடு வருவதால் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு ஒரு சோதனை உண்டு. ஊழியர் வலி மருந்து கொடுத்தபின் நோயாளியிடம் திரும்பிப் போய், ‘வலி குறைந்ததா?’ என்று கேட்டு, வலி அளவைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். சமநிலை உள்ளவர் திரும்பிப் போயிருப்பார்.