கன்னிமாராவுக்கு எந்த பஸ்

ஜனவரி 3, 2025, வெள்ளி

லண்டனில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், இரவு இரண்டு மணிக்கு 12-ஆம் அறை ஆச்சி மறுபடியும் ரவுண்ட்ஸ் கிளம்பிவிட்டாள். நைட்டி, ஒரு காலில் மட்டும் சாக்ஸ். நேராக 14-ஆம் அறை. தாத்தாவின் போர்வையை இழுத்து விட்டு, கால்மாட்டில் ஆஸ்பத்திரி முறையில் மைட்டர் மடிப்பு மடித்துச் செருகினாள். தலையணையின் ஓரத்தைத் தட்டி, உறையின் திறந்த வாய் கதவைப் பார்க்காதபடி திருப்பி வைத்தாள். தாத்தாவுக்கு விழிப்பே வரவில்லை.

தடுத்திருக்க வேண்டும். கதவருகே நின்று வேடிக்கை பார்த்துவிட்டேன். உறையின் வாய் கதவுப் பக்கம் இருந்தால் நர்ஸிங் படிக்கும்போது எங்கள் டியூட்டர் சிஸ்டர் மொத்தப் படுக்கையையும் உருவிப் போட்டு முதலிலிருந்து விரிக்கச் சொல்வார். நாகர்கோவில், 2011. இந்த ஊருக்கு வந்து பத்து மாதத்தில் தலையணை உறையைத் திருப்பி வைத்த ஆள் இந்த ஆச்சி ஒருத்திதான்.

அப்புறம் இடது மார்பைத் தடவி எதையோ தேடினாள். கிடைக்கவில்லை. என்னிடம் என்னமோ கேட்டாள். ஃபைலில் எழுதியிருப்பது: "இரவில் நடமாட்டம். அர்த்தமற்ற பேச்சு."

ஜனவரி 4

இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய எழுதும் ஆங்கிலத் தேர்வுக்கு 14 நாள். போன தடவை லிஸனிங் 340. வேண்டியது 350.

ஜனவரி 7, செவ்வாய்

அர்த்தமற்ற பேச்சு இல்லை. ஜெபமாலை!

மூன்று மணி இருக்கும். போர்வையின் ஓரத்தை விரலால் உருட்டிக்கொண்டே முனகிக்கொண்டிருந்தாள். "ஷே தோ வஹா, அ விரா..." ஒரே வரி. பத்துத் தடவை. ஒரு நிறுத்தம், வேறு ஏதோ ஒன்று, மறுபடி பத்து. மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு அம்மா தொடங்குவாள், நாங்கள் தூங்கி விழுந்துகொண்டே பதில் சொல்வோம். அந்த ஓட்டம் என் காதுக்குத் தெரியாதா? வார்த்தை புரிய வேண்டும் என்றே இல்லை.

அவள் பாதி சொல்லி நிறுத்திய இடத்தில், "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று நான் எடுத்தேன். ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். நடுவில் 14-இல் பெல் அடித்தது. போய்விட்டு வரும்வரை விரலை அதே இடத்தில் பிடித்து வைத்திருந்தாள்.

எந்த மொழி என்று தெரியவில்லை. நைட் நர்ஸ் நைஜீரியாக்காரர். போலிஷ் ஆக இருக்கும் என்றார். இல்லை, போலிஷ் எனக்குக் கேட்டால் தெரியும். கிச்சனில் இரண்டு பேர் போலிஷ்.

ஜனவரி 8

ஊரில் அம்மாவிடம் இருக்கும் என் பாப்பாவுக்கு ஜுரம். 99.8 என்று அம்மா சொல்கிறாள். அம்மா எப்போதும் குறைத்துத்தான் சொல்வாள்.

ஜனவரி 12, ஞாயிறு

பகல் ஷிஃப்ட். ஆச்சியின் மகன் லூட்டனிலிருந்து வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். அம்மா என்ன மொழி பேசுகிறார் என்று கேட்டேன். "அம்மா அதையா பேசுகிறாள்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஐரிஷ், அயர்லாந்தின் பழைய மொழி. ஊர் அயர்லாந்தின் மேற்கே கன்னிமாரா.

சிரித்துவிட்டேன். தப்புதான். ஆனால் எழும்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை பார்த்தவளுக்குக் கன்னிமாரா என்றால் லைப்ரரி. அரசு ஆஸ்பத்திரி வேலைக்கான எம்ஆர்பி பரீட்சைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். 1896-இல் திறந்தது, மதராஸில் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர் என்று சொன்னேன். அந்த கவர்னரும் அயர்லாந்துக்காரர்தான். மகன் போனில் லைப்ரரியின் படத்தைத் தேடி எடுத்து அம்மாவிடம் காட்டினார். ஆச்சி சிவப்புக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு போனை அவரிடமே தள்ளிவிட்டாள்.

ஆச்சி 1957-இல் இங்கே வந்தாளாம், 18 வயதில். அப்போது டப்ளினில் பெரிய ஆஸ்பத்திரிகளில் நர்ஸிங் படிக்க நாம்தான் பணம் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் படிக்கும்போதே சம்பளம், தங்க இடம், சாப்பாடு. பேப்பரில் விளம்பரம் வரும். டப்ளின் பக்கத்துத் துறைமுகமான டன் லேரியில் கப்பல் ஏறி ஹோலிஹெட், அங்கிருந்து ரயிலில் லண்டன் யூஸ்டன். விசா? கிடையாது. பரீட்சை? கிடையாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு கையெழுத்து இருந்திருக்கிறது. மூன்று வருடப் படிப்பு ஒன்று, இரண்டு வருடப் படிப்பு ஒன்று. இவளிடம் நீட்டியது இரண்டு வருடத்தின் தாள். வித்தியாசம் யாரும் சொல்லவில்லை, போட்டுவிட்டாள். வார்டில் சேர்ந்த பிறகுதான், தன்னால் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஆக முடியாது என்று தெரிந்தது. அப்படிக் கையெழுத்துப் போட்ட அயர்லாந்துப் பெண்கள், ஜமைக்கா, பார்படோஸ் பெண்கள் எத்தனையோ பேர். பட்டத்தின் பெயரில் "அசிஸ்டன்ட் நர்ஸ்" என்றுதான் இருக்குமாம். அந்த அசிஸ்டன்ட்டை 1961-இல்தான் எடுத்தார்கள்.

என் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ்: கேர் அசிஸ்டன்ட்.

ஜனவரி 14

பொங்கல். 245-இல் ஆல்பர்டன் போய் கோயிலுக்கு வெளியே நின்று கரும்பு வாங்கினேன். ஒரு கணுதான். அறைக்காரி என்ன குச்சி என்று கேட்டாள்.

ஜனவரி 18

எழுதிவிட்டேன். லிஸனிங்கில் இரண்டாவது பாகத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கடவுளே.

ஜனவரி 19, ஞாயிறு

மகன் ஸ்பீக்கரில் சித்தியைக் கூப்பிட்டார். ஆச்சியின் தங்கை, ஊரிலேயே இருப்பவர். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்க வேண்டும் என்று இருந்துவிட்டவர். இரண்டு பேரும் பேசினார்கள். ஆச்சி பேசினாள் என்று எழுதினால் போதாது, குறுக்கே விழுந்து பேசினாள், அதட்டினாள். மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது.

நான் போனை வாங்கி, ராத்திரியில் சொல்வதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். சித்தி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

இஷ்க: தண்ணீர்.
அவால்யா: வீட்டுக்கு. "வீட்டுக்கு எந்த பஸ்" என்றுதான் தினமும் கேட்கிறாளாம்.
தா ஓக்ரஸ் ஓரம்: பசி.
தா தார்ட் ஓரம்: தாகம்.
தா பீஅன் ஓரம்: வலி.

"தா" என்று தொடங்கினால் எதையோ கேட்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தண்ணீர் தா, மாத்திரை தா. அது "இருக்கிறது" என்பதாம். பசி என் மேல் இருக்கிறது. வலி என் மேல் இருக்கிறது. ஆங்கிலத்தில் நானே பசியாகிவிட வேண்டும். எனக்கு ஆறாம் வகுப்பில் அது பிடிபடவே இல்லை. எனக்குப் பசிக்கிறது என்பதில் பசி வேறு, நான் வேறு. இவர்களுக்கும் அப்படித்தான்.

மார்பைத் தடவுவது வாட்ச்சுக்காக. லாக்கரில் கிடந்த, நர்ஸுகள் மார்பில் குத்திக்கொள்ளும் என் ஃபாப் வாட்ச்சை எடுத்து வந்து காட்டினேன். பார்த்தாள், என்னமோ சொன்னாள். போனில் சித்தி விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்து நிமிடம் பின்னால் ஓடுகிறதாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓடுகிறதுதான்.

ஜனவரி 21

மேனேஜர் கூப்பிட்டார். 12-ஆம் அறை என்னை "நர்ஸ்" என்று கூப்பிடுகிறது, நான் திருத்துவதில்லை என்று புகார். குடும்பங்கள் குழம்பிவிடும். திருத்த வேண்டும்.

மறதி நோய் வந்தவளிடம் நான் நர்ஸ் இல்லை என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வது? அதுவும் பொய்யை.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

அயர்லாந்தில் புயல். ஏயோவின் என்று பெயர். மேஸ் ஹெட்டில் மணிக்கு 183 கிலோமீட்டர், அந்த நாட்டில் இதுவரை பதிவானதிலேயே அதிகமாம். மேஸ் ஹெட் எங்கே என்று மேப்பில் பார்த்தேன். கன்னிமாரா.

ஏழு லட்சம் இணைப்புகளுக்கு மேல் கரண்ட் இல்லை. சித்தியின் போன் அடிக்கவே இல்லை.

ஒக்கி வந்தபோது நான் எழும்பூரில் இருந்தேன். 2017 நவம்பர் 30. அம்மாவின் போன் மூன்று நாள் இப்படித்தான் இருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

மகன் பூ கொண்டு வந்தார். சிவப்பும் வெள்ளையும் கலந்த கார்னேஷன். ஆச்சி கத்தினாள் பாருங்கள், வரவேற்பறை வரை கேட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அதுவும் எங்கேயோ படித்ததால்தான்: சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் ரத்தமும் கட்டுத்துணியும். பழைய வார்டுகளில் சேர்த்து வைக்க விடமாட்டார்கள், சாவு வரும் என்று. வெள்ளையை மட்டும் உருவி ஆபீஸில் வைத்தேன்.

சித்தியிடமிருந்து இன்னும் தகவல் இல்லை. மகன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார், பயத்தில்தான். க்ரிக்கில்வுட்டில் கால்டிமோர் என்ற டான்ஸ் ஹாலில்தான் ஆச்சி அவருடைய அப்பாவைப் பார்த்தாளாம். இரண்டு கூடம், ஒன்றில் ஐரிஷ் ஆட்டம், இன்னொன்றில் மற்றது. 2008-இல் மூடிவிட்டார்கள். நான் தினமும் பஸ் இறங்கும் இடத்துக்குப் பக்கம்.

1974 நவம்பரில் பர்மிங்ஹாம் பப்களில் குண்டு வெடித்து, பழி ஐரிஷ்காரர்கள் மேல் விழுந்தபோது மகனுக்குப் பத்து வயது. மறுநாள் அம்மா வார்டிலிருந்து வந்து கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நோயாளி, அந்த ஐரிஷ்காரி எனக்கு ஊசி போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் பஸ்ஸில் வாய் திறக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு. டிரைவரிடம் சில்லறையை நீட்டுவாளாம், ஊர் பெயர் சொல்லமாட்டாளாம். வீட்டிலும் அந்த மொழி நின்றுவிட்டது.

1971 வாக்கில் பிரிட்டனில் 30,000 அயர்லாந்து நர்ஸுகள் இருந்தார்கள் என்று போனில் படித்தேன். எட்டு, ஒன்பது பேருக்கு ஒருவர். அத்தனை பேரும் அந்த வாரம் டியூட்டிக்குப் போயிருப்பார்கள்தானே. விடுப்பு கேட்கவா முடியும்.

ஜனவரி 27

தேர்வு முடிவு மெயில் இல்லை.

ஜனவரி 29, புதன்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

ஒரு மணியிலிருந்து ஆச்சி கத்துகிறாள். கட்டிலின் கம்பியைப் பிடித்து ஆட்டுகிறாள். ஏஜென்சியிலிருந்து வந்த நர்ஸ், அவருக்கு ஆச்சியைத் தெரியாது. கிளர்ச்சி என்று எழுதி, தேவைப்பட்டால் கொடுக்கச் சொல்லி இருக்கும் தூக்க மருந்தை எடுக்கப் போனார். நான் அந்தப் பக்கம் ஓடினேன். "தா பீஅன் ஓரம், தா பீஅன் ஓரம்." வலி. எங்கே? என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன், இல்லை. இடுப்பு, இல்லை. அவளே என் கையைப் பிடித்து அடிவயிற்றில் வைத்தாள். கல் மாதிரி இருந்தது. பேட் காய்ந்து கிடக்கிறது. மாலையிலிருந்து சிறுநீர் போகவில்லை.

நர்ஸிடம் சொன்னேன். "நீ எப்படிச் சொல்கிறாய்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, என் பேட்ஜில் அப்படித்தானே இருக்கிறது. ஆனால் மார்த்தாண்டத்தில் நான் போட்ட கதீட்டர்களை எண்ண முடியாது. இங்கே அதன் கவரைப் பிரிக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. வலி, அவள் மொழியில் சொல்கிறாள் என்று நோட்டைக் காட்டினேன். நோட்டு என் கையெழுத்து, தமிழில். அதைப் பார்த்து அவர் என்ன செய்வார்?

இருந்தாலும் வந்து கையை வைத்துப் பார்த்தார். நல்ல மனுஷி. அவரே கதீட்டர் போட்டார். 900 மில்லி.

ஆச்சி தூங்கிய பிறகு பெட்பேன் கழுவும் ஸ்லூஸ் அறையில் போய்க் கொஞ்சம் நேரம் நின்றேன். நோட்டு இல்லாவிட்டால்? நான் விடுப்பில் இருந்திருந்தால்? ரிப்போர்ட்டில் அந்த நர்ஸ், "சிறுநீர் அடைப்பு கவனிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார். யார் கவனித்தது என்று இல்லை. எனக்கு அதில் வருத்தமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆமாம், வருத்தம்தான்.

ஜனவரி 31

பாப்பா பல் விழுந்ததைக் காட்டினாள். என்னிடம் முதலில் சொல்லவில்லை, அவள் அப்பாவிடம் மஸ்கட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

சித்தி பேசினார்! பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் போனை சார்ஜ் செய்து. கொட்டகையின் கூரை போய்விட்டது, வீடு நிற்கிறது. வீட்டுக்கு வந்து அவர் காலில் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் மரம் விழுந்த சாலையில் நடந்தே வந்தாளாம். கேரளப் பெண். "உனக்குத் தெரியுமா அவளை?" என்று கேட்டார். மார்த்தாண்டத்திலிருந்து எல்லை கூப்பிடு தூரம்தான், விசாரிக்கிறேன் என்றேன்.

அவருடைய சொந்தப் பேத்தி கால்வேயில் நர்ஸிங் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். சம்பளம் அதிகம், வெயில், வார்டில் ஆள் இருக்கிறார்கள். ஒரு வருடம் என்று போனவள், இது நான்காவது வருடம்.

ஆக அக்கா இங்கே, பேத்தி அங்கே, கேரளப் பெண் கன்னிமாராவில். நான் 12-ஆம் அறையில்.

ஆச்சி இன்று அதிகம் பேசவில்லை. தங்கையின் குரலைக் கேட்டு, "யார் அது?" என்று மட்டும் கேட்டாள். இந்தத் தடவை ஆங்கிலத்தில்.

பிப்ரவரி 3

சாப்பிடவில்லை. தயிர் மூன்று ஸ்பூன்.

பிப்ரவரி 6, வியாழன்

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். ஐந்து சொல், பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில் அர்த்தத்தோடு. வலிக்கு அடியில் இரண்டு கோடு. இன்று இல்லை. அனுமதி பெறாத தாள்கள் அறைக்குள் கூடாதாம். கேர் பிளானில் சேர்க்கிறோம் என்றார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஏஜென்சி ஆள் 40 பக்கக் கேர் பிளானைத் திறக்கப் போகிறார்?

பிப்ரவரி 7

மறுபடி ஒட்டிவிட்டேன். மகனைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். கீழே தேதியும் போட்டார்.

பிப்ரவரி 9

மகனிடம் ஊருக்குக் கூட்டிப் போவீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "அங்கே அவளைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள், ஒரு தங்கையைத் தவிர?" என்றார். பிறகு, "எனக்கும் அங்கே பேச்சு புரியாது" என்றார்.

பஸ் கேட்டாள். 245 என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு மணி இடைவேளை. மெயில் வந்திருக்கிறது. வீடியோ காலில் அம்மா பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கிறாள், ஸ்கூல் வேன் வர பத்து நிமிடம் இருக்கிறது. ரிப்பன் கட்டி முடிக்கட்டும், அப்புறம் திறக்கிறேன்.

12-இல் பெல்.