நாகர்கோவிலிலிருந்து மாண்டவி ஆற்றுக்கு: ரூலெட் மேசையை எண்ணிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்

கேரள எல்லையில் களியக்காவிளையைத் தாண்டிப் போய் லாட்டரி வாங்குவது குமரி மாவட்டத்தில் பழைய பழக்கம். தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தது. கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்துகிறது. சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ரூலெட் ஆட அந்த எல்லையைத் தாண்டினால் போதாது, கோவா வரை போக வேண்டும். போனில் ஆடும் பண ஆட்டங்களை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. இன்னும் ஆன்லைன் ரூலெட் என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடவே தொடாதீர்கள்.

காந்திதாம், ஜாம்நகர் ரயில்கள் நாகர்கோவில் வழியாகக் கோவாவின் மட்காவுக்குப் போகின்றன. தினமும் கிடையாது. அவை இல்லாத நாளில் திருவனந்தபுரம் போய் நேத்ராவதி எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். மட்காவிலிருந்து பணஜிக்குச் சாலையில் ஒரு மணி நேரம் போல ஆகும். அங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: நட்சத்திர ஓட்டல்களில் இருப்பவை மின்னணு இயந்திரங்கள். மேசையை நடத்தும் டீலர் கையால் பந்தைச் சுழற்றிவிடும் மேசை வேண்டுமானால் மாண்டவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பலுக்குத்தான் போக வேண்டும். கரையிலிருந்து படகில் கூட்டிப் போவார்கள். வயது 21 நிறைந்திருக்க வேண்டும், அசல் அடையாள அட்டை கட்டாயம். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்போடு போன ஆண்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரயிலில் நேரம் தாராளமாக இருக்கும். ஒரு தாளில் மூன்று பத்தி, பன்னிரண்டு வரிசை என்று கட்டம் போடுங்கள். முதல் வரிசையில் 1, 2, 3. கடைசியில் 34, 35, 36. தலைப்பக்கம் பச்சையில் 0. இதுதான் மேசை விரிப்பு. சக்கரத்திலும் இதே 37 எண்கள்தான், ஆனால் வரிசை வேறு: 0-க்கு ஒரு பக்கம் 32, மறுபக்கம் 26. விரிப்பில் ஒட்டி நிற்கும் 17, 18 இரண்டும் சக்கரத்தில் தள்ளித் தள்ளி இருக்கும். அதனால் பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லையான சிப்பை விரிப்பின் ஒரு மூலையில் குவித்தால் சக்கரத்தின் ஒரு பகுதியைப் பிடித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

சிப் எங்கே உட்காருகிறது என்பதுதான் பந்தயம். 17-ஐ எடுத்துக்கொள்வோம். கட்டத்தின் நடுவில், எந்தக் கோட்டையும் தொடாமல் வைத்தால் அந்த ஒரே எண்; வந்தால் ஒன்றுக்கு 35. 17-க்கும் 20-க்கும் இடையிலான கோட்டின் மேல் வைத்தால் இரண்டு எண், ஒன்றுக்கு 17. 17, 18, 20, 21 நான்கும் கூடும் முனையில் வைத்தால் ஒன்றுக்கு 8. 16-17-18 வரிசையின் வெளிக்கோட்டில் வைத்தால் மூன்று எண், ஒன்றுக்கு 11. அதே வெளிக்கோட்டில் அடுத்த வரிசையும் சேரும் சந்திப்பில் வைத்தால் ஆறு எண், ஒன்றுக்கு 5. விரல் நுனி அளவு நகர்ந்தாலே பந்தயம் மாறிவிடும். கூட்டத்தில் எட்டிக் கைநீட்டி வைப்பவர்களுக்கு இதில்தான் தகராறு வரும். எட்டவில்லை என்றால் டீலரிடம் எண்ணைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

வெளிக்கட்டங்கள் எளிது. சிவப்பு-கறுப்பு, ஒற்றை-இரட்டை, 1-18, 19-36 எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. பன்னிரண்டு எண் கொண்ட தொகுதிக்கும் பத்திக்கும் ஒன்றுக்கு 2. 0 விழுந்தால் இவை அத்தனையும் போகும். 0 இரட்டையில் சேராது.

இனி கணக்கு. 37 எண்ணிலும் நூறு நூறு ரூபாய் வையுங்கள்: 3,700. எது வந்தாலும் வைத்த நூறும் வென்ற 3,500-உம் சேர்த்து 3,600 கைக்கு வரும். நூறு ரூபாய் மேசைக்கு. 2.7 சதவீதம். மேலே சொன்ன எல்லாப் பந்தயத்துக்கும் இதே விகிதம்தான். சிவப்பில் வைப்பதால் செலவு குறையாது, ஏற்ற இறக்கம்தான் குறையும். சக்கரத்தில் 00-உம் இருந்தால் 38 குழி, இழப்பு 5.26 சதவீதம். ஆகவே உட்காரும் முன் சக்கரத்தில் எத்தனை பச்சை என்று பாருங்கள். இரண்டு பச்சை இருந்தால் எழுந்து வேறு மேசை தேடுவதே புத்தி.

தோற்றால் இரட்டிப்பாக்கு என்று சொல்பவர்கள் நம்மூரிலும் உண்டு. சிவப்பில் நூறு கட்டித் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 12,700 போயிருக்கும், எட்டாவதற்கு 12,800 வேண்டும். அதற்குள் மேசையின் உச்சவரம்பு குறுக்கே நிற்கும். ஏழு தொடர் தோல்வி அபூர்வமும் இல்லை, ஏறக்குறைய நூற்றாறில் ஒன்று. மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் 1913 ஆகஸ்ட் 18 அன்று கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. சிவப்பு வந்தே தீரும் என்று கட்டியவர்கள் பெரும்பணம் இழந்தார்கள். முந்தின சுற்றில் விழுந்தது என்ன என்று பந்துக்குத் தெரியாது. சிவப்பும் நடுப்பத்தியும் சேர்த்துக் கட்டும் முறையும் இப்படித்தான்: நடுப்பத்தியில் எட்டு கறுப்பு இருப்பதால் சிவப்பின் 18-உம் சேர்த்து 26 எண் கைக்குள் வரும், மீதி 11 எண்ணில் இரண்டு சிப்பும் போகும். இழப்பு விகிதம் அதே 2.7 தான்.

சக்கரத்தைவிடப் பெரிய செலவு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சூதாட்ட விடுதிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அது வாங்கும் சிப்பின் மதிப்பின் மேல் விழுகிறது. ஆடாமல் திருப்பிக் கொடுத்த சிப்புக்கும் வரி குறையாது. மொத்தமாக வாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு சிப் என்பதைக் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். வென்ற பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம், தோற்றதை அதில் கழிக்க முடியாது.

மேசையில் ஆளுக்கொரு நிறச் சிப் தருவார்கள். டீலர் கையை வீசி நிறுத்தச் சொன்ன பிறகு சிப்பைத் தொடக் கூடாது. வென்ற எண்ணின் மேல் டீலர் ஒரு சிறு குமிழை வைப்பார்; அது எடுபடும் வரை புதிதாக எதையும் வைக்கக் கூடாது. அந்த நிறச் சிப்புக்கு அந்த மேசையில் மட்டும்தான் மதிப்பு. எழுவதற்கு முன் டீலரிடமே கொடுத்துப் பணச் சிப்பாக மாற்றி, அதைக் கவுண்டரில் கொடுத்துப் பணமாக்கிய பிறகே படகுக்குப் போங்கள்.