மாட்டு மணி ஊரில் ஒரு கணக்கு டியூஷன்

ஸ்டார்க்வில்லுக்கு நான் வந்து இறங்கியது 2018 ஆகஸ்ட். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் ஆராய்ச்சி. ஊர் ரொம்பச் சின்னது, கறிவேப்பிலை வேண்டுமென்றால் அலபாமாவுக்குள் பர்மிங்ஹாம் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டவேண்டும், முதல் செமஸ்டர் முழுக்க கார் வைத்திருந்த சீனியர் அண்ணா ஒருவர் தயவில்தான் என் வீட்டில் ரசம்.

வந்து சில வாரத்தில் ஒரு சனிக்கிழமை, அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஏண்டி, பக்கத்துல மாடு கீடு வளர்க்கிறாங்களா? மணிச் சத்தம் கேக்குதே." "இல்லம்மா, மேட்ச்." அறுபதாயிரம் பேர் உட்காரும் மைதானம், ஊரின் மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆளுக்கொரு மாட்டு மணி, அதுவும் நம்ம ஊர்ச் சந்தையில் விற்கிற அதே வடிவம், ஒரு கைப்பிடி வைத்தது. 1974-ல் இதைத் தடை செய்தார்களாம். ஒளித்து வைத்துக் கொண்டுவந்து அடித்திருக்கிறார்கள். 2010-லிருந்து எப்போது அடிக்கலாம், எப்போது கூடாது என்று நேரம் குறித்து அனுமதி.

ஃபுட்பால் என்றால் இங்கே பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. விதிகள் புரிய இரண்டு வருஷம் ஆனது. ஆனால் விதி புரியாமலே ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. டிவியில் எந்தக் கல்லூரியின் மேட்சைப் போட்டாலும் ஓடி, மோதி, விழுந்து எழுகிறவர்களில் பெரும்பகுதி கறுப்பினப் பையன்கள். கோட்டுக்கு வெளியே ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்கும் தலைமைப் பயிற்சியாளர் பெரும்பாலும் வெள்ளைக்காரர். நம்ம ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரிக் காட்சியைப் படிக்கத் தனியாகப் பயிற்சி வேண்டாம், யார் வேலை செய்கிறார்கள், யார் நாற்காலியில் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம்.

இதே பல்கலைக்கழகத்தின் பழைய கதை ஒன்று உண்டு. கறுப்பினத்தவர் இருக்கும் அணியோடு விளையாடக்கூடாது என்று மிசிசிப்பியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்த காலம். இங்கத்திய கூடைப்பந்து அணி, அப்போது எல்லாரும் வெள்ளையர், மூன்று முறை சாம்பியனாகியும் தேசியப் போட்டிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தது. 1963-ல் பல்கலைக்கழகத் தலைவர் டீன் கால்வார்ட் போகலாம் என்றார். உடனே எதிர்த்தவர்கள் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள். அது கையில் வந்து சேருவதற்குள் பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி முந்தின நாளே மாநிலத்தைவிட்டுக் கிளம்பிவிட்டார், மறுநாள் காலை பையன்கள் விமானம் ஏறிவிட்டார்கள். மிச்சிகனில் சிகாகோ லயோலாவோடு ஆட்டம். லயோலா இறக்கிய ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பினத்தவர். இரண்டு கேப்டன்களும் கைகுலுக்கியபோது ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண் கூசியதாம். 61-51 என்று தோற்றுத் திரும்பினார்கள். விளையாடுவதற்காகத் தப்பித்து ஓடிய அணியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அதற்கு நாற்பது வருஷம் கழித்து, 2003 டிசம்பரில், சில்வெஸ்டர் குரூம் இங்கே ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் போட்டி நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. 1932-ல் தொடங்கிய தென்கிழக்கு கான்ஃபரன்ஸில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர். அலபாமா பல்கலைக்கழகத்துக்காகவே ஆடியவர் அவர். ஆனால் அதே வருஷம் அலபாமா அவரை விட்டுவிட்டு மைக் ஷூலா என்ற வெள்ளையரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. மைதானத்தில் இடம் கிடைத்ததற்கும் ஹெட்செட் கிடைத்ததற்கும் நடுவில் ஒரு தலைமுறை. ஜெயிக்கவேண்டும் என்ற ஆசை வந்ததும் ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள், முடிவெடுக்கிற இடத்துக்கு அந்த அவசரம் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஸ்டைபண்ட் போதாமல் விளையாட்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் டியூஷன் எடுக்கப் போனேன். அப்படி வந்தவன்தான் அவன். ஆறடிக்கு மேல், நாற்காலி தாங்குமா என்று பயமாக இருக்கும், ஆனால் "யெஸ் மேம்" இல்லாமல் ஒரு வாக்கியம் வராது. படிப்பு முடிந்ததும் பயிற்சியாளர் ஆகவேண்டும் என்பான். அவன் சொல்லித்தான் அந்த ஏணியின் அமைப்பு தெரிந்தது. முதல் படி கிராஜுவேட் அசிஸ்டன்ட், சம்பளம் கைச்செலவுக்குத்தான் காணும், வீட்டில் தாங்க ஆள் இருந்தால் இரண்டு மூன்று வருஷம் ஓட்டலாம். அப்புறம் கறுப்பினத்தவர் என்றால் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடு, புது ஆட்களைப் பிடித்துக்கொண்டு வா என்று ஒதுக்கிவிடுவது பழைய வழக்கம். தலைமைப் பொறுப்புக்கு ஆள் தேடும்போதோ, தாக்குதல் திட்டம் போடுகிறவர்கள் பக்கம்தான் பார்வை போகும்.

2020 ஜூன் மாதத்தையும் சொல்லவேண்டும். மாநிலக் கொடியின் மூலையில் 1894 முதல், உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகச் சண்டை போட்ட தெற்குப் படையின் சின்னம். 2001-ல் ஓட்டுப் போட்டும் அதையே வைத்துக்கொண்டார்கள். இங்கத்திய ஆட்டக்காரர் கைலின் ஹில், கொடியை மாற்றாவிட்டால் இந்த மாநிலத்துக்காக இனி ஆடமாட்டேன் என்று ட்விட்டரில் போட்டார். அதே வாரம் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் ஜாக்சன் சட்டமன்றத்துக்கு நேரிலேயே போனார்கள். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமும் இந்தக் கொடி இருக்கும்வரை சாம்பியன்ஷிப் போட்டி எதையும் இங்கே நடத்தமாட்டோம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஜூன் 30-ம் தேதி ஆளுநர் கையெழுத்துப் போட, கொடி இறங்கியது. போராட்டம் பல வருஷமாக நடந்ததுதான், ஆனால் ஃபுட்பால் நின்றுவிடுமோ என்றதும் வேகம் வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அந்த ஆகஸ்டில்தான் மேற்குக் கரையில் ஒரு கான்ஃபரன்ஸ் 'ரஸல் விதி' கொண்டுவந்தது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு 1955, 1956 இரண்டு வருஷமும் பட்டம் வாங்கிக் கொடுத்த பில் ரஸல் பெயரில். பயிற்சியாளர், விளையாட்டு இயக்குநர் போன்ற வேலைகளுக்குக் கடைசிச் சுற்றுப் பட்டியலில் வாய்ப்பு மறுக்கப்பட்டுவந்த பிரிவைச் சேர்ந்த ஒருவராவது இருக்கவேண்டும் என்றது அந்த விதி. ஓரிகன் மாநிலம் 2009-லேயே தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு இதுபோலச் சட்டம் போட்டிருந்தது.

அவன் இதைச் சொன்னபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. 69 சதவீத இட ஒதுக்கீடு உள்ள ஊரிலிருந்து வந்தவள், என் பெரிய மாமா வாலிபால் ஆடியே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை வாங்கியவர். "நேர்காணலுக்குக் கூப்பிடுவது மட்டும்தானா? வேலை?" என்றேன். பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாத மாதிரி. கல்லூரி இடங்களையே இனவாரியாக எண்ணிக்கை போட்டு ஒதுக்கக்கூடாது என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட நாட்டில் இதற்குமேல் கேட்க முடியாது என்று பிறகுதான் புரிந்தது.

அன்றைக்குப் பாடம் ஈருறுப்புப் பரவல், அதாவது கிடைக்கும்-கிடைக்காது என்று இரண்டே முடிவுள்ள ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் வரும் வாய்ப்புக் கணக்கு. இரண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். சரி, இதையே கணக்காகப் போடுவோம் என்றேன். கடைசிச் சுற்றில் ஐந்து பேர், அதில் ஒருவர் கறுப்பினத்தவர். ஐந்து பேரும் சமம் என்றால் அவருக்குக் கிடைக்காமல் போக வாய்ப்பு 0.8. பத்து வேலைக்கும் இப்படியே கிடைக்காமல் போக? கால்குலேட்டரைத் தட்டினான். 0.107. "இது நடக்கக்கூடியதுதான் மேம், துரதிர்ஷ்டம்னு சொல்லிக்கலாம்" என்றான்.

அப்புறம் நான் சொல்லாமலே அவனே இருபது என்று போட்டுப் பார்த்தான். 0.0115. நூற்றுக்கு ஒன்று சொச்சம். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான், பெரிய விரலால் திரையைத் துடைத்தான், பிறகு முப்பதைப் போட்டான்.