ஓட்டத் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்

சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பதினோரு வருடம் ஓட்டிய பிறகுதான் பயிற்றுநர் படிப்பில் சேர்ந்தேன். ஓட்டத் தெரியும், சொல்லிக்கொடுக்க மாட்டோமா என்ற தைரியம். முதல் மதிப்பீட்டில் தேறவில்லை.

மதிப்பீட்டாளர் வண்டியில் ஏறி வேண்டுமென்றே தப்பாக ஓட்டுவார். பார்த்து நான் சொல்ல வேண்டும். பெல்ட் போடாதது, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தது, சரக்கை உயரத் தூக்கியபடி நகர்ந்தது எல்லாம் பிடித்துவிட்டேன். இறங்கும்போது ஃபோர்க்கை, அதாவது சரக்கைத் தாங்கும் முன்கரங்களை, தரையில் இறக்காமல் ஒரு சாண் உயரத்தில் விட்டிருந்தார். அது கண்ணிலேயே படவில்லை. காரணம், இத்தனை வருடமும் நானே அப்படித்தான் இறங்கியிருக்கிறேன்.

அப்புறம் வகுப்புப் பாடம். எவ்வளவு தூக்கலாம் என்று வண்டியில் எழுதியிருக்கும் தகட்டில் 500 மி.மீ. மையத்துக்கு (ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியிலிருந்து சரக்கின் நடுப்புள்ளி வரையுள்ள தூரம்) 2,000 கிலோ என்றிருந்தால், 1,200 மி.மீ. நீளப் பெட்டியை அதே எடையில் தூக்கலாமா? கூடாது, மையம் 600 மி.மீ.க்குப் போய்விடும். விடை தெரியும், விளக்க வரவில்லை. பென்சிலின் குறுக்கே ஸ்கேலை வைத்து, அதன் மேல் ரப்பரை நுனிப்பக்கம் நகர்த்திக் காட்டப் பழகினேன். பென்சில்தான் முன்சக்கரம். ஸ்கேல் சாயும்போது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

இரண்டாம் முறை தேறி, சொந்தமாகப் பயிற்சி நடத்த ஆரம்பித்தேன். ஒரு பயிற்றுநர், ஒரு வண்டி, அதிகபட்சம் மூன்று பேர் என்பது படிப்பில் கற்றது. முதலில் வந்த விசாரிப்போ, 'பத்துப் பேர், ஒரே நாள், எல்லோருக்கும் சான்றிதழ்.' எட்டு மணி நேரத்தைப் பத்தால் வகுத்தால் ஆளுக்கு 48 நிமிடம். வகுப்பும் தேர்வும் போனால் ஸ்டியரிங்கைத் தொட எவ்வளவு மிஞ்சும்? மறுத்தேன். வேலை வேறொருவருக்குப் போனது. வண்டி வாடகையும் இட வாடகையும் மூன்று பேர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். அந்த மாதம் கையிலிருந்து போட்டேன்.

இப்போது விலைப்புள்ளியிலேயே ஒவ்வொருவரும் வண்டியில் உட்காரும் நேரத்தை எழுதிவிடுகிறேன். தேறாதவருக்கு மறுதேர்வும் அதே கட்டணத்தில் சேர்த்தி. அதனால் தோல்வி என்று சொல்லும்போது பணச் சண்டை வருவதில்லை.

போன வாரம் ஒரு தம்பி ரிவர்ஸில் இரண்டு தடவை பின்னால் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி அவருடைய மேலாளர் போன் செய்தார். வியாழக்கிழமை மறுபடி அனுப்புங்கள் என்றேன். சரி என்று சொல்லியிருக்கிறார்.