டர்பனில் இருந்து ஒரு கூத்துப் புத்தகம் தேடிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் தெருக்கூத்தை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒரு குழுவின் வாத்தியார் தாத்தாவிடம் அரிச்சந்திர நாடகப் பாட்டு நோட்டு இருக்கிறது. பாட்டு தமிழ், எழுத்து ஆங்கிலம். இங்கே பல வீடுகளில் தேவார நோட்டும் அப்படித்தான். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து என்றால் வலி எது, வழி எது? அச்சுப் பிரதி கிடைத்தால் ஒப்பிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டேன். தென்னாப்பிரிக்க நூலகங்களின் கூட்டுப் பட்டியலைச் சாபினெட் என்ற இணையச் சேவை வழியாகப் பார்த்தார்கள். இல்லை. சந்தையில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகத்தை இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் எதற்கு வாங்கப் போகிறது!

அடுத்தது வேர்ல்ட்கேட், அதாவது உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியல். இதில்தான் நிறைய நேரம் போனது. பழைய தமிழ்ப் புத்தகங்களின் பதிவு பெரும்பாலும் ரோமன் எழுத்தில், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறையில் இருக்கும். நாம் ஆங்கிலத்தில் பெயர் எழுதும் பழக்கத்தில் 'ஹரிச்சந்திரா' என்று அடித்தால் தேடியது வராது. முன்னால் 'எச்' கூடாது. சகரத்துக்கு 'சிஎச்' போடாமல் வெறும் 'சி'. மேலே கீழே வரும் கோடும் புள்ளியும் போடாவிட்டால் பரவாயில்லை. இது பிடிபட்டதும் பதிவுகள் வரிசையாக வந்தன.

ஆனால் பதிவு இருக்கும் இடத்தில் புத்தகம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேகரித்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்த பிறகு அவர் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பலேற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். நல்ல காரியம். இப்படிக் கூட்டாக வேலை செய்யும்போது புத்தகம் ஓர் ஊரிலும் மைக்ரோஃபிலிம் வேறு ஊரிலும் இருக்கலாம். நகல் யார் தருவார்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டு எழுதுவது உத்தமம்.

இன்னொரு சங்கடம். அமெரிக்க நூலகங்கள் கூடி நடத்தும் மின்நூலகம் ஒன்றில் 1910களில் சென்னையில் அச்சான பிரதி அகப்பட்டது. திறந்தால் பூட்டு. அமெரிக்காவில் இருப்பவருக்குத் திறக்கும், டர்பனில் திறக்காது. பதிப்புரிமைக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறாம். நம் கூத்துக்கு அமெரிக்க விலாசம் வேண்டியிருக்கிறது!

பிறகு சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். "அரிச்சந்திர நாடகம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது, அந்தப் பெயரில் பல பதிப்பு உண்டு. பதிப்பகம், ஆண்டு, பட்டியல் எண் மூன்றையும் கொடுத்து, முதலில் மாதிரிப் பக்கம் கேளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே உறுப்பினர் அட்டை கேட்பதில்லை.

வந்த பிரதியை வைத்து மயான காண்டத்தை வரிக்கு வரி பார்த்தோம். சந்திரமதி புலம்பலில் பல வரிகள் தெளிந்தன. சில பாட்டு நோட்டில் மட்டும் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. அது இங்கே நேட்டாலில் கட்டியதா, வேறு பதிப்பில் இருந்து வந்ததா என்று பார்க்க லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் கேட்க வேண்டும். இந்தியாவில் 1867 நூல் பதிவுச் சட்டப்படி பதிவான புத்தகங்களில் தெரிந்தெடுத்தவை, லண்டனில் இந்திய ஆட்சியைக் கவனித்த இந்தியா ஆபீசுக்குப் போய், இப்போது அங்கே இருக்கின்றன. ஸ்கேன் கட்டணம் பவுண்டில். ராண்டுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அந்த ஆர்டரை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளியிருக்கிறேன்.